தொட்டதும் திறக்காத ரிப்போர்ட்

"மத்த பிரிவு ரிப்போர்ட்டெல்லாம் தொட்டதும் திறக்குது. எங்க புற்றுநோய்ப் பிரிவு ரிப்போர்ட்டுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

மருத்துவமனையின் சர்வர் அறைக்குள் வந்து நின்றுகொண்டு சிஸ்டர் கேட்டாள்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவன் திரையைப் பார்த்தபடியே இருந்தான். ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்றுதான் பெயர். மெஷின்களின் ரீங்காரத்தில் கண் சொக்கியது. மதிய வெயில் தரையில் தண்ணீர்போல் அசைந்தது.

ஒரு மாதமாக இதே தொல்லை. போனுக்கு வரும் பரிசோதனை முடிவை நோயாளிகள் தொட்டால் திரையில் விரியாமல், போனுக்குள் எங்கோ இறங்கி ஒளிந்துகொள்கிறது. தேடத் தெரியாதவர்கள் சிஸ்டருக்குப் போன் செய்கிறார்கள். தினமும் முப்பது பேர். டீக்கோப்பையோடு வார்டுக்குள் வந்த இவனை ஒருமுறை விரட்டியிருந்தாள். அந்தக் கடுப்புதான் என்று அவளுக்குச் சந்தேகம்.

மேனேஜரிடம் புகார் செய்துவிட்டாள். ஃபைல் திரையில் திறக்கணுமா, போனில் இறங்கணுமா என்பதற்கு சர்வரில் ஒரே ஒரு வரி, அதைக்கூட ஒழுங்காக எழுதாதவன் நாலு மணிக்குள் சரிசெய்யட்டும், இல்லையென்றால் வேலையை விட்டுப் போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

"தப்பா எழுதல சிஸ்டர். தெரிஞ்சேதான் மாத்தினேன்."

அவள் வாயெடுப்பதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. எடுத்ததும் குரலே வேறாகிவிட்டது. தூக்கத்தில் யாரோ நெற்றியைத் தடவுவதுபோல.

"முதல்ல உட்காருங்கம்மா. பக்கத்துல யார் இருக்காங்க?... யாரும் இல்லையா? சரி, நான் இருக்கேன். கட் பண்ணமாட்டேன். போன்ல டவுன்லோட்ஸ்னு இருக்கும், இப்ப அதுல அந்த ஃபைலைத் தொடுங்க... படிச்சீங்களா? அழுங்கம்மா, பரவாயில்ல. காலைல வாங்க, டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

போனை வைத்தபோது வெயில் மேசைமேல் ஏறியிருந்தது.

"என் தங்கச்சிக்குத் தொட்டதும் திறந்துடுச்சு சிஸ்டர்," என்றான். "பஸ்ல நின்னுட்டிருந்தா. சுத்தி தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்ல."

சொல்லிவிட்டு, அந்த வரியை அழிக்கக் கீபோர்டை இழுத்தான்.

கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். சரியாகிவிட்டதா என்று கேட்டார்.

சிஸ்டர் கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"சர்வர்ல ஒரு கோளாறும் இல்ல சார். எனக்குத்தான் திறக்கத் தெரியல."