இரண்டு கடை கைவிரித்த போன்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் புவனேஸ்வரியிடம், வேப்பந்தட்டை விவசாயி பூவரசன் ஒரு பழைய ஸ்மார்ட்போனை நீட்டினான். ஆன் செய்தால் கம்பெனிப் பெயரைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். பக்கத்துக் கடை உட்பட இரண்டு கடைகளில் போர்டு போய்விட்டது என்று கைவிரித்திருந்தார்கள்.

"சோளம் காயுதுங்க, புதுசு வாங்க வழியில்ல. பொண்ணு காலேஜுக்கு இதாவது ஆவணும்."

புவனேஸ்வரி மூடியைக் கழற்றினாள். வால்யூம் பட்டனில் கரிசல் மண் அடைத்து, பட்டன் அமுங்கியே கிடந்தது; போன் பாதியில் நிற்பது அதனால்தான். ஊசியால் நெம்பியதும் மண் வெள்ளைத்தாளில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பவர் பட்டனை அழுத்தினாள். பெயர் வந்தது, மறைந்தது, திரை முழுக்க வெளிச்சம் விரிந்தது.

"போர்டு போச்சாம்ல," என்றாள், பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி.

உடனே ஒரு மெசேஜ் வந்தது. 'மோட்டார் ஓடுகிறது. நேரம் 11.20.' சுவர்க் கடிகாரத்திலும் அதே நேரம்.

"வயக்காட்டு மோட்டார் ஸ்டார்ட்டர்ல சிம் இருக்கு, அது அனுப்புறதுங்க," என்றான் பூவரசன். "ஆனா கெணறு வத்தி, மோட்டாரக் கழட்டிப் போட்டு ரெண்டு வருசம் ஆச்சே."

அவன் சட்டைப்பையில் இருந்த பட்டன் போன் அடித்தது. மனைவி வேணியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"என்னங்க, வாய்க்கா நெறைய தண்ணி வருது. சோளத்துக்குத் திருப்பி வுட்டுட்டேன். சீக்கிரம் வாங்க."

அவன் இரண்டு போன்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

புவனேஸ்வரி சிரித்தபடியே மண் உதிர்ந்து கிடந்த வெள்ளைத்தாளைக் கசக்கப் போனாள். தாள் ஈரத்தில் ஊறிக் கிழிந்து கையோடு வந்தது. மண் சேறாகியிருந்தது.