கூட வந்தவர்

“இவருக்கு நீங்க என்ன வேணும்?”

“கூடப் பிறந்த அண்ணன். எதுவானாலும் என்னைக் கேளுங்க” என்றார் பெரியவர். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

அவசரப் பிரிவுக் கட்டிலில் தம்பி நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தார். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டரம்மா மாத்திரையைக் கையில் எடுத்தாள்.

“மாரடைப்பு. உடனே ஆஸ்பிரின் மெல்லணும். ஆனா சிலருக்கு அதுவே எமன். வயித்துப் புண் உண்டா? ரத்த வாந்தி? கறுப்பா வெளிக்குப் போனதுண்டா?”

“சேச்சே! எங்க குடும்பத்துல அந்தப் பேச்சுக்கே இடமில்லை.”

“வேற மாத்திரை ஏதாவது?”

“தலைவலித் தைலம்கூடத் தொட மாட்டான்.”

தம்பியின் கை எழுந்து மாஸ்க்கை விலக்கப் பார்த்தது. பெரியவர் அதைப் பிடித்துப் படுக்கையோடு அழுத்தினார். “சும்மா கிட!”

“அவர் என்னமோ சொல்ல வர்றார் ஐயா” என்றாள் நர்ஸ்.

“மூச்சுக்கே வழியில்லை, என்னத்தச் சொல்லப் போறான்? அவனைப் பத்தி அவனுக்குத் தெரியாததுகூட எனக்குத் தெரியும்.”

“இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும்!” என்றாள் நர்ஸ்.

பெரியவரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. மாத்திரை உள்ளே போனது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தம்பி குபுக்கென்று வாந்தி எடுத்தார். விரிப்பெல்லாம் ரத்தம். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சட்டையைக் கத்தரித்த நர்ஸ், பையிலிருந்து விழுந்த சீட்டைப் பிரித்து அலறினாள்.

“டாக்டர்! போன மாசம் வேற ஆஸ்பத்திரியில பத்து நாள் படுத்திருக்கார். வயித்துப் புண்ணுல ரத்தக் கசிவு. ஆஸ்பிரின் தொடவே கூடாதுன்னு எழுதியிருக்கு!”

பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றியும் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு வந்தாள். “ஏன்யா மறைச்சீங்க? ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம். பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தது எப்படித் தெரியாமப் போகும்?”

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

“மறைக்கலம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னைக்கு அவன் அலறல் கேட்டுத்தான் ஓடிப்போய்த் தூக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு நடுவுல சுவர் வெச்சு, நாங்க முகம் பார்த்துப் பேசிப் பதினாலு வருஷமாச்சு... அது வெளியில தெரிஞ்சிடக் கூடாதேன்னுதான் எல்லாத்துக்கும் நானே பதில் சொன்னேன்.”