நுனி ஆடுகிறது

"ஆறு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க டாக்டர். நுனி ஆடுது, நுனி ஆடுதுன்னு ஆஸ்பத்திரிக் கடிதத்துல ஒரே பல்லவி. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் போவேன்."

பயிற்சி அறை மேசையில் பெட்டியை டொக்கென்று வைத்தாள் அந்த இளம் பொறியாளர். உள்ளே அவள் வடிவமைத்த ஏழாவது கருவி. நெஞ்சைப் பிளக்காமல், விலா எலும்புகளுக்கு நடுவே சின்னத் துளை போட்டு இதயத்தைத் தைப்பதற்கான நீளமான ஊசிப்பிடி. இதுவும் திரும்பி வந்தால் திட்டத்தையே மூடிவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

இதய அறுவை நிபுணர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. பேர்பெற்ற டாக்டர், ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய ஆளுயரப் படம். என்ன திமிர் இந்த மனுஷனுக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோபப்படாதீங்கம்மா," என்றார் பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி இயக்குநர். "இருபது வருஷம் பழகின கை அவரோடது. கருவியிலதான் ஏதோ கோளாறு. அடுத்த வாரம் இதை வெச்சு முதல் ஆபரேஷன், பேப்பர்லயெல்லாம் விளம்பரம் கொடுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் கனமாப் பண்ணிக் கொடுங்களேன்."

"கனமா, மெலிசா, நீளமா, குட்டையா, எல்லாம் பண்ணியாச்சு சார். ரெண்டு வருஷமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உழைச்சிருக்கேன். சும்மா பழியைத் தூக்கி என் தலையில போடாதீங்க."

கருவியை இரும்புப் பிடியில் இறுக்கி, ரப்பர் இதயத்துக்குள் விட்டாள். கேமராத் திரையில் நுனி அப்படியே நின்றது. பிறகு தானே கையில் பிடித்தாள்.

"சட்டைக்குப் பட்டன் தைக்கவே தெரியாத கை சார் இது. ஆடுதா, பாருங்க."

ஆடவில்லை.

"இப்ப நீங்க பிடிங்க டாக்டர்."

அவர் மறுக்காமல் வாங்கினார். உடனே திரையில் நுனி வெடவெடத்தது. ஊசி குறித்த புள்ளியை விட்டு விலகி, ரப்பரை நீளமாகக் கீறியது.

"பாத்தீங்களா? கருவியில ஒண்ணும் இல்ல. உங்க கைதான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் கோபப்படவில்லை. கருவியைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு இயக்குநரிடம் திரும்பினார்.

"இப்பவாவது நம்புறீங்களா சார்? என் கை நடுங்குது, வேற டாக்டரைப் போடுங்கன்னு ஆறு தடவை எழுதிக் கொடுத்தேன். ஆறு தடவையும் நீங்க கருவியைத்தான் திருப்பி அனுப்பினீங்க."