லிங்க் திறந்துச்சா?

எந்த சர்வரில் கணக்கு வைத்திருந்தாலும் மற்ற சர்வர்க்காரர்கள் எல்லோரோடும் பேசலாம் என்று பீற்றிக்கொள்ளும் வலைத்தளம் அது. தம்பியின் நண்பன் அனுப்பிய லிங்க்கை அக்கா தொட்டதும், வழக்கம்போல வேறு சர்வரில் போய் நின்று பாஸ்வேர்டு கேட்டது.

“எழவு, இதுக்கு வேற தனியா ஒரு கணக்கா!” என்று வாய்விட்டுத் திட்டினாள்.

“லிங்க்கைக் காப்பி பண்ணி நம்ம சர்வர்ல தேடுக்கா. எத்தனை தடவைதான் சொல்றது!” பக்கத்து அறையிலிருந்து தம்பி அலுத்துக்கொண்டான்.

அவன் சொன்னபடியே செய்தாள். பதிவு திறந்தது. தம்பி சிரித்துக்கொண்டிருக்கும் படம். கீழே, ‘நீ போய் இன்றோடு ஒரு வருஷம், நண்பா’ என்று எழுதியிருந்தது.

பக்கத்து அறையின் கதவைப் பார்த்தாள். அடக்கம் முடிந்து வந்து அவள் மாட்டிய பூட்டு அப்படியே தொங்கியது.

“திறந்துச்சா? என்ன போட்டிருக்கான்?”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஒண்ணுமில்லடா. நீ படு.”