பத்தே காலுக்கு வரும் சிஸ்டம்

“எட்டுக் கட்டத்துல இன்னும் ரெண்டாவதுலயே நிக்கிறீங்களேம்மா?” என்றார் முதலாளி மணவாளன்.

கடலூர் தலைமை அலுவலகத்தையும் சிதம்பரம் கிளையையும் ஒரே கணினி அமைப்பாக மாற்ற, எட்டுக் கட்டத் திட்டத்தோடு வந்தவள் வெண்மதி. இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று சுவர் நிறைய வரைந்திருந்தாள். ஒரு பெட்டிக்குள் மட்டும் கேள்விக்குறி.

“சார், சிதம்பரம் ஆர்டர் லிஸ்ட் தினமும் பத்தே காலுக்கு வந்துடுது. எந்த சிஸ்டம் வழியா வருதுன்னுதான் தெரியல. நான் லீவு போட்டா அன்னைக்கு அதுவும் படுத்துடுது!”

“அத கம்ப்யூட்டர்ல ஏத்துறவன் ராஜவேலுதானே? அவனக் கேட்டீங்களா?”

“பிளான்படி ஊழியர்கள்கிட்ட ஏழாவது கட்டத்துலதான் சார் பேசணும்.”

மணவாளன் தலையில் கைவைத்துக்கொண்டு ராஜவேலுவைக் கூப்பிட்டார்.

“பென் டிரைவ்ல வருது சார். சிதம்பரம் கிளையில இருக்குற எங்க அக்கா சாப்பாட்டுப் பையில போட்டுக் குடுத்துடும். முன்னெல்லாம் பஸ் கண்டக்டர் கொண்டாருவாரு. இப்ப மேடமே தினமும் அங்கேருந்துதானே வர்றாங்க, அவுங்கதான் கொண்டாராங்க.”

வெண்மதி திடுக்கிட்டாள். “உங்க அக்கா அதுல சாப்பாடுன்னுதானே சொன்னாங்க?”

“சாப்பாடும் இருக்கும் மேடம்.”

வெண்மதி எழுந்துபோய்க் கேள்விக்குறியை அழித்தாள். பெட்டிக்குள் தன் பெயரை எழுதினாள்.

அதன் பக்கத்தில், ஆறு மாதத்துக்கு முன் அவளே சிவப்பு மையில் எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது: ‘நம்ப முடியாத பழைய சிஸ்டம். முதலில் இதைத் தூக்க வேண்டும்.’