அமாவாசையன்று மீன்

“ஏனுங்க, அங்க பாருங்க! ஆடி அமாவாசையும் அதுவுமா அந்த மனுஷன் மீன் தின்னுட்டு உக்காந்திருக்கார்!”

புஷ்பவல்லி கைநீட்டிய பக்கம், ஒரு பாறை மேல் ஞானேஸ்வரனும் அவர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காகிதப் பொட்டலம். பொரித்த மீன் வாசனை இங்கே வரைக்கும் வந்தது.

“கையை நீட்டாதே புஷ்பா,” என்றான் நஞ்சுண்டன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பசிபிக்கில் காலை வைக்கவா வேண்டாமா என்று நடுங்கிக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் மாதத்திலும் தண்ணீர் ஐஸ்தான்.

எதிரே அலைக்குள் நின்றது அந்தக் கல். கலிஃபோர்னியாவில் ஹாஃப் மூன் பே தாண்டி பிக்னிக் போன யாரோ ஒருத்தர், “அப்படியே சிவலிங்கம்!” என்று படமெடுத்து ஊருக்கெல்லாம் ஈமெயில் அனுப்பிவிட்டார். அப்புறம் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அமாவாசைக்கு அமாவாசை கார் நிறுத்த இடமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அலை வந்து மோதி உச்சியிலிருந்து வழிகிறபோது அபிஷேகமேதான். புஷ்பவல்லியும் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குள் கண் மீன் பக்கம் போய்விட்டது.

அவள் சுபாவம் அப்படி. ஒரு விஷயம் ஏன், எதற்கு என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஞானேஸ்வரனும் நஞ்சுண்டனும் சான்டா கிளாராவில் ஒரே ஆபீஸ். ஞானேஸ்வரனின் அப்பா வன்னியில் இறந்துபோன சேதியை மே மாதம் நஞ்சுண்டன் வந்து சொன்னதுமே அவள் கிளம்பிவிட்டாள். “வீட்டுக்கு யாரும் வர வேண்டாம்னு சொல்லிட்டார்,” என்று அவன்தான் தடுத்தான். துக்கம் கேட்க வராதே என்கிற வீட்டை அவள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள். இப்போது இந்தக் கூத்து!

“பெத்த அப்பனுக்கு ஒரு கை எள்ளுத் தண்ணி விட மனசில்லை. மீன் கேக்குதோ மீன்?”

“நமக்கெதுக்கு அதெல்லாம்?”

“நல்லாருக்கே! அந்தம்மாகிட்ட நாலு வார்த்தை ஆறுதலாவது சொல்லிட்டு வர்றேன். நீங்க முதல்ல தண்ணியில எறங்குங்க!”

விறுவிறுவென்று போனவள், பக்கத்தில் போனதும் தயங்கினாள். அந்த அம்மா விசாலாக்ஷியின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலிக்கொடி.

வாயைத் திறப்பதற்குள் ஞானேஸ்வரன் எழுந்து ஓடி வந்தார். “அக்கா, இஞ்ச ஒருக்கா வாங்கோ.”

பாறைக்குப் பின்னால் கூட்டிப் போய்க் கையெடுத்துக் கும்பிடாத குறை.

“தயவுசெய்து அம்மாட்ட ஒண்டும் கேட்டிடாதேங்கோ. அப்பா செத்தது அவவுக்குத் தெரியாது.”

“என்ன தம்பி சொல்றீங்க?”

“அம்மாவின்ரை ஹார்ட் ஆபரேஷனுக்காக அவவை முதல்ல கூப்பிட்டனான். அப்பாவின்ரை விசா பேப்பர் வர முதல் எல்லாம் முடிஞ்சு போச்சு. அதிர்ச்சியா ஒண்டும் சொல்லிடாதேங்கோ எண்டு டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பன் இல்லாத பிள்ளையள்தானே இண்டைக்கு விரதம் இருப்பினம்? நான் இருந்தா அம்மா கண்டுபிடிச்சிடுவா.” எண்ணெய்ப் பிசுக்கு விரல்களைப் பார்த்துக்கொண்டார். “தொண்டையால இறங்குதில்லை, அக்கா.”

புஷ்பவல்லிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என்னவெல்லாம் பேசிவிட்டோம்!

“அப்புறம் ஏன் தம்பி இன்னிக்குன்னு பார்த்து இங்க கூட்டிட்டு வந்தீங்க?”

“நானோ? இந்தக் கல்லும் கடலும் எங்கட திருகோணமலைக் கடலோரத்துக் கோணேசர் மலை மாதிரி இருக்காம், இண்டைக்கே பார்க்க வேணுமெண்டு அம்மாதான் ஒற்றைக் காலில நிண்டவா. கொஞ்சம் பக்கத்தில இருங்கோ அக்கா, அவவுக்குக் குளிருது. காரில சால்வை கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன். ஆனா…”

“சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன். போயிட்டு வாங்க.”

புஷ்பவல்லி போய் விசாலாக்ஷியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதைப் பேசினால் எங்கே போய் முடியுமோ என்று பயமாக இருந்தது.

“இடம் பிடிச்சிருக்காம்மா?”

“நல்ல இடம், பிள்ளை.” மகன் கார்கள் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை விசாலாக்ஷி பார்த்துக்கொண்டே இருந்தார். “தண்ணிக்குள்ள நிக்கிறது உங்கட அவரோ?”

“ஆமாம்மா. எங்க மாமனாருக்குத் தர்ப்பணம் பண்றார்.”

“சொந்தமில்லாத ஆக்களுக்கும் தண்ணி விடலாமோ?”

“தாராளமா விடலாம்மா. செய்ய ஆளில்லாதவங்களுக்கு யாரு வேணா விடலாம்னு எங்க பவானி கூடுதுறையில சொல்லுவாங்க.”

“அப்ப என்ரை அவருக்கும் ஒரு கை விடச் சொல்லுங்கோ, பிள்ளை. பேர் கந்தவனம்.”

புஷ்பவல்லி சட்டென்று கார்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா… உங்களுக்கு… யாரு சொன்னாங்க?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. டெலிபோன் வந்த நேரம் அவன் கீழ எடுத்தான். அதே நேரம் மாடியில இருந்த மற்றப் போனை நான் எடுத்தனான்.”

“மே மாசத்துலயிருந்து மனசுக்குள்ளயே வச்சிருக்கீங்களா? மகன்கிட்டச் சொல்லி ஒரு மூச்சு அழுதிடலாமேம்மா! பாவம், அவரு இந்த மீனை…”

தூரத்தில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். விசாலாக்ஷி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீனில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மகன் சால்வையோடு வந்துகொண்டிருந்தார்.

“அப்பாவை விட்டிட்டு என்னை முதல்ல கூப்பிட்டிட்டன் எண்டு அவன் தனக்குள்ள செத்துக்கொண்டிருக்கிறான். நான் தாங்க மாட்டன் எண்டு நினைக்கிறான், பிள்ளை. எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சா, அவன்தான் தாங்க மாட்டான்.”