டெல்லிக்கு ஒரு போன்

கண்டெய்னர் லாரி தெருவைத் தாண்டும்வரை ஜானட் போனை முந்தானையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். வீடு அதிர, கேரம் போர்டில் தூவிய பவுடர் மாலை வெயிலில் மெல்ல எழுந்து அடங்குகிறது. அந்தப் போர்டில் ஆடி ஆடித்தான் மகள் ரெஜினா டெல்லிப் போட்டிக்குத் தேறியிருக்கிறாள். அவளோடும் ஜானட்டோடும் கூடப் போகும் அப்பன் சாலமன், துறைமுகத்தில் மூட்டை இறக்கிய முதுகை நிலைப்படியில் சாய்த்திருக்கிறான். "உங்க ரெண்டு பேருக்கும் ரூம் புடி. நா ஸ்டேசன்லயே சாஞ்சிக்கிறேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டான். இரண்டு ஓட்டல்களில் இடமில்லை என்றுவிட்டார்கள். நான் பேசுகிறேன் என்ற மகளை, "நீ காயப் பாருடி" என்று போர்டின் முன் உட்காரவைத்துவிட்டு மூன்றாவது ஓட்டலைக் கூப்பிட்டிருக்கிறாள் ஜானட். "டூ யூ ஹாவ் எ ரூம் அவைலபிள்?" மீன் கழுவிக்கொண்டே போனில் இங்கிலீஷ் பாடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம், ஒரு செதிலும் ஒட்டாமல் வெளியே வருகிறது. "இன்னாம்மா, கப்பல் கேப்டனாட்டம் பேசுற" என்கிறாள் ரெஜினா. "கம்முனு கெட." சாலமனுக்கு மூச்சுவிடக்கூடத் தயக்கமாக இருக்கிறது. சந்தையில் கத்திக் கத்திக் கட்டைப்பட்ட அதே குரலா இது? எத்தனை பேர் என்று அங்கே கேட்கிறார்கள் போல. ஜானட் திரும்பி, நிலைப்படியில் இருப்பவனைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: "த்ரீ. த்ரீ பர்சன்ஸ்." மூட்டை எண்ணும் இடத்தில் தினமும் கேட்கிற அந்த எண் மட்டும் அவனுக்குப் புரிகிறது. "எஸ், மேடம். அவைலபிள்" என்று போன் சொல்வது வாசல்வரை கேட்கிறது. சாலமன் எழுந்து போய், அந்த அறைக்குள்ளேயே நுழையப்போகிறவனைப் போல, காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறான்.